புதுக் கமான், புது ஷாக், கூடவே ஒரு கீச்

போன வாரம் நண்பன் ஒருவன் பொள்ளாச்சியில் பழைய மாருதி ஜிப்சி ஜீப் ஒன்றைப் பார்த்துவிட்டு போன் செய்தான். "மச்சான், ஷாக் அப்சார்பரெல்லாம் போயிருக்கு. ஷாக் மட்டும் மாத்துனா போதுமா, கமானையும் சேர்த்து மாத்தணுமா?" பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய பேச்சு முக்கால் மணி நேரம் இழுத்தது. அதில் பாதி நேரம் நான் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். அவனுக்கு நிதானமாகச் சொல்லாமல் விட்டதை எழுதி வைக்கிறேன்.

என் வண்டியும் ஜிப்சிதான், 2004 மாடல். இருப்பது வால்பாறை. தினமும் எஸ்டேட் மண்ரோடு, மாதம் இரண்டு தடவை 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் பொள்ளாச்சி. நாலு சக்கரத்துக்கும் பட்டைக் கமான்தான், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங். மாருதியின் புது ஜிம்னி மாதிரி சுருள் ஸ்பிரிங் எல்லாம் கிடையாது. ஜிப்சியில் ஏறுகிறவர் முதுகெலும்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்பது ஊருக்கே தெரியும். அதற்காகப் புலம்ப இதை எழுதவில்லை.

நண்பன் கேட்ட கேள்விக்கு என் கையைச் சுட்டுக்கொண்டுதான் பதில் தெரிந்துகொண்டேன். முதலில் ஷாக் நாலை மட்டும் மாற்றினேன். பழையதைக் கழற்றியபோது ராடை அமுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய் அப்படியே படுத்துக்கொண்டது. வெளியே எண்ணெய் கசிந்து அதன்மேல் மண் அப்பிக் கிடந்தது. புதிது போட்டதும் பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவது நின்றது. வளைவு திரும்பி முடித்த பிறகும் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருந்த ஆட்டமும் போனது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பின்னால் மூன்று மூட்டை ஏற்றினால் ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) மேலே வந்து ரப்பர் கட்டையில் 'டமார்' என்று இடிப்பது மட்டும் அப்படியே இருந்தது.

வண்டியின் எடையைத் தாங்குவது கமான். ஷாக் அந்தக் கமானின் துள்ளலை அடக்குகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. தொங்கிப்போன கமானைப் புது ஷாக் தூக்கி நிறுத்தாது, கேஸ் அடைத்த ஷாக் போட்டாலும் நிறுத்தாது. சந்தேகமிருந்தால் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்து பாருங்கள். என் வண்டியில் டிரைவர் பக்கம் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. இத்தனை வருடம் தனியாகவே ஓட்டியதன் பலன்.

ஆறு மாதம் கழித்துக் கமான் நாலும், அதை ஆக்சிலோடு பிடிக்கும் யு போல்ட், சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிள், அதற்குள் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாமும் புதிதாகப் போட்டேன். ஷாக்கையும் சேர்த்தால் மொத்தச் செலவு 30,000 ரூபாயைத் தொட்டது. வண்டி ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. முதல் இரண்டு மாதம் மரப்பலகைமேல் உட்கார்ந்து போவதுபோல் இருந்தது. "ஓட ஓட செட் ஆயிடுமுங்க" என்றார் மெக்கானிக். அது உண்மைதான், ஆனது. ஒன்றரை வருடம் கழித்தும் நாலு பக்கமும் ஒரே உயரம். மூட்டையோடு ஏறினாலும் இடிப்பதில்லை. முன்பு இரண்டாம் கியரில் பயந்து பயந்து இறங்கிய இடங்களில் இப்போது ஸ்டியரிங்கோடு சண்டை போடாமல் இறங்குகிறேன். நியாயமாகப் பார்த்தால் இதோடு நிறுத்திவிட்டு, நல்ல வேலை என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கீச்.

கமான் மாற்றிய எட்டாவது மாதம் ஆரம்பித்தது. பின்பக்கம் இடது சக்கரம் குழியில் இறங்கினால் 'கீ', ஏறினால் 'ச்'. பழைய இரும்புக் கட்டிலில் யாரோ புரண்டு படுப்பதுபோல. காலையில் வேலைக்கு வருகிற பெண்கள் திரும்பிப் பார்க்காமலே வழிவிட்டார்கள், ஹாரன் தேவைப்படவில்லை.

சரிபார்க்கலாம் என்றால் அது பொள்ளாச்சியில் கேட்காது! ஜூனில் மழை பிடித்தால் புஷ்ஷெல்லாம் நனைந்து சத்தம் அடங்கிவிடும். வெயில் காலத்தில் கொண்டுபோனால் அங்கே தார்ரோடு வழுவழுவென்று இருக்கும், ஆக்சில் முறுக்கவே முறுக்காது. மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "எதுவும் கேக்கலைங்களே" என்று என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். இப்படி மூன்று தடவை.

நாலாவது தடவை அங்கேயே ஷாக்கிளைக் கழற்றச் சொன்னேன். உள்ளே புஷ்ஷின் ரப்பர் கிழிந்து, இரும்பும் இரும்பும் உரசிப் பளபளத்துக்கொண்டிருந்தது. காரணமும் புரிந்தது. மாட்டும்போது வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கியிருக்கிறார்கள். ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் கமான் நிமிரும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நிற்கும்போதும் முறுக்கில்தான் இருக்கும், ஒவ்வொரு குழியிலும் இன்னும் கொஞ்சம் முறுகும். அப்படி எட்டு மாதம் தாங்கியதே பெரிது. போல்ட்டை லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை ஆட்டிவிட்டு, அப்புறம் இறுக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

அதைச் சொன்னபோது, "ரப்பரே வேண்டாம், பாலியூரிதேன்னு கெட்டி பிளாஸ்டிக் புஷ் வருது, அதைப் போடுங்க, காலத்துக்கும் தாங்கும்" என்றார்கள். போட்டேன். தாங்குகிறது. ஆனால் சிலிக்கோன் கிரீஸ் காய்ந்ததும் முன்பு ஒரு பக்கம் கத்தியது இப்போது இரண்டு பக்கமும் கத்துகிறது. கட்டிலில் இரண்டு பேர். யாரோ சொன்னார் என்று எஞ்சின் ஆயில் ஊற்றினேன். இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் செம்மண் ஒட்டிக்கொண்டு இன்னும் பெரிய குரல். ரப்பர் புஷ்ஷில் இதைச் செய்துவிடாதீர்கள், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பன், "இப்ப என்னதான் சொல்ற?" என்றான். புதுசு வாங்காதே, லாரிக்குக் கமான் அடிக்கும் பட்டறையில் கொடுத்துப் பழைய பட்டையையே வளைத்துப் போட்டுக்கொள் என்றேன். அப்படி அடித்த பட்டை சரியாகச் சூடேற்றி ஆற்றாவிட்டால் வருடத்துக்குள் மறுபடி தொங்கும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். "அப்ப உன் செட்டைக் கழட்டிக் குடு" என்றான். போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பொள்ளாச்சி போகிறேன். பழையபடி ரப்பர் புஷ் ஒரு செட் வாங்கி முன்சீட்டில் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை டீ குடிக்கப் போகப்போவதில்லை. நாலு சக்கரமும் தரையைத் தொடும்வரை ஸ்பேனர் என் கையில்தான் இருக்கும்.