பெரிய விமானத்தைப் பிடிக்கச் சிறிய விமானம்: ஒரே டிக்கெட்டா, தனி டிக்கெட்டா, தரைவழியா?

தொலைதூரம் செல்லும் பெரிய விமானம் சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு நகரத்திலிருந்துதான் புறப்படும் என்றால், அந்த நகரத்துக்குப் போய்ச் சேர மூன்று வழிகள் உண்டு. சிறிய விமானத்தையும் பெரிய விமானத்தையும் ஒரே முன்பதிவில் சேர்த்து வாங்கலாம். சிறிய விமானத்துக்குத் தனியாக டிக்கெட் எடுக்கலாம். அல்லது ரயில், பேருந்து, கார் என்று தரைவழியே போகலாம். மூன்றிலும் பயணம் செய்து பார்த்தபின், முதல் வழியையே என் வழக்கமாக்கிக் கொண்டேன்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரப் பறத்தல் என்று அட்டவணை சொன்னாலும், விமான நிலையத்துக்குப் போவது, பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, இறங்கியபின் டெர்மினல் மாறுவது எல்லாம் சேரும்போது அரை நாள் கழிந்துவிடும். எனவே தரைவழிப் பயணம் மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் அடங்குமானால், விமானத்தில் மிச்சமாகும் நேரம் பெரிதாக இராது. கட்டணத்திலும் நிலையான விதி கிடையாது. தனி டிக்கெட் மலிவாகத் தோன்றும். ஆனால் விமான நிறுவனங்கள் பெரும்பாலும் புறப்படும் ஊரையும் சென்று சேரும் ஊரையும் வைத்தே விலை நிர்ணயிப்பதால், ஒரே டிக்கெட்டில் சிறிய விமானம் மிகக் குறைந்த கூடுதல் தொகைக்கே கிடைப்பதும் உண்டு. இரண்டு விதமாகவும் விலை பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது நேரமும் அல்ல, கட்டணமும் அல்ல. சிறிய விமானம் தாமதமாகிப் பெரிய விமானம் போய்விட்டால் அந்த இழப்பு யார் தலையில் விழும் என்ற ஒரே கேள்விதான் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது. இரண்டு விமானங்களும் ஒரே பிஎன்ஆர் எண்ணின் கீழ் இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இணைப்பு தவறும்போது, இடமிருக்கும் அடுத்த விமானத்தில் கூடுதல் கட்டணமின்றி ஏற்றி அனுப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டுகளாக இருந்தாலோ, இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நாம் வராத பயணி. முதல் விமானம் ஏன் தாமதமானது என்பது அவர்களுக்குப் பொருட்டே அல்ல. அந்த டிக்கெட்டின் பெரும்பகுதிப் பணம் போவதோடு, அதே டிக்கெட்டில் திரும்பி வரும் பயணம் இருந்தால் அதுவும் தானாகவே ரத்தாகிவிடக்கூடும். பலர் இந்த இரண்டாவது இழப்பைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சட்டப் பாதுகாப்பிலும் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் விதியின்படி, அங்கிருந்து புறப்படும் விமானங்களின் நீண்ட தாமதத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. விமான நிறுவனத்தின் கைமீறிய அசாதாரணக் காரணங்கள் மட்டும் விலக்கு. ஒரே முன்பதிவில் செல்லும் பயணிக்கு, கடைசியாகச் சென்று சேரும் ஊரில் ஏற்படும் தாமதத்தையே கணக்கிட வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. சிறிய விமானம் நாற்பது நிமிடம் மட்டுமே தாமதித்து, அதனால் இணைப்பு தவறி, போக வேண்டிய ஊரை மறுநாள் அடைந்தால், ஒரே டிக்கெட் வைத்திருப்பவர் இழப்பீடு கோரலாம். தனி டிக்கெட் வைத்திருப்பவருக்கோ அது வெறும் நாற்பது நிமிடத் தாமதம். இந்த விதி அவருக்குக் கைகொடுக்காது. சர்வதேச விமானப் பயணங்களுக்கான 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு தாமதத்தால் விளையும் நஷ்டத்துக்கு விமான நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது என்றாலும், நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்ததாக நிறுவனம் நிரூபித்தால் தப்பித்துக்கொள்ளலாம். அது பின்னாளில் வழக்காடிப் பெற வேண்டிய நிவாரணமே தவிர, நள்ளிரவில் கவுன்டர் முன் நிற்பவரை ஊர் சேர்ப்பதற்கான வழி அல்ல.

பயணப்பெட்டி விஷயத்திலும் அதே பொறுப்புதான் தொடர்கிறது. செக்-இன் ஊழியர் பெட்டியின் கைப்பிடியில் சுற்றும் நீண்ட காகிதப் பட்டையை அவர் ஒட்டி முடிப்பதற்குள் படித்துவிடுவது என் பழக்கம். கடைசியாகச் சேர வேண்டிய விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு அதில் பெரிதாக அச்சாகியிருந்தால், இடையில் பெட்டியைத் தேடி நிற்க வேண்டியதில்லை. அமெரிக்காவைப் போல, நாட்டுக்குள் நுழையும் முதல் விமான நிலையத்தில் சுங்கச் சோதனைக்காகப் பெட்டியை எடுத்தாக வேண்டிய நாடுகள் இதற்கு விலக்கு. தனி டிக்கெட்டில் பொதுவாகப் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, மீண்டும் வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டும். இணைப்பு நகரம் வெளிநாட்டில் இருந்தால், வெளியே வருவதற்கே விசா தேவைப்படலாம்.

சிறிய விமானத்துக்கென்று சில சங்கடங்கள் உண்டு. இத்தகைய தடங்களில் அதிகம் பறக்கும் ஏடிஆர் 72 போன்ற விமானங்களில் எழுபது பேரளவில்தான் உட்கார முடியும்; தலைக்கு மேலுள்ள பெட்டகமும் சிறியது. பெரிய விமானத்தில் கையோடு கொண்டு செல்லும் சக்கரப் பெட்டியை இங்கே படிக்கட்டருகிலேயே வாங்கிக்கொண்டு அடியில் வைத்துவிடுகிறார்கள். இறங்கியபின் அது கைக்கு வரும்வரை விமானத்தின் அருகே காத்து நிற்க வேண்டும். இணைப்பு நேரம் குறைவாக இருக்கும்போது அந்தச் சில நிமிடங்களும் கனக்கும். பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரி போன்றவை சரக்கறைக்குப் போகக் கூடாது என்பதால் அவற்றையும், மருந்து, பாஸ்போர்ட்டையும் முன்கூட்டியே சிறிய பையில் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரே டிக்கெட் என்பதற்காக விற்கப்படும் எந்த இணைப்பையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. விமான நிலையம்தோறும் வகுக்கப்பட்டுள்ள குறைந்தபட்ச இணைப்பு நேரம், எல்லாம் சரியாக நடந்தால் போதுமானது என்ற அளவுதான். அதற்கு மேல் ஒரு மணி நேரமாவது சேர்த்தே நான் தேர்ந்தெடுக்கிறேன். ஒரே சிறிய விமானம் நாள் முழுவதும் போய்வந்து கொண்டிருப்பதால், காலையில் தொடங்கிய தாமதம் மாலைக்குள் வளர்ந்துவிடும். மறுபுறம், பனிமூட்டக் காலத்தில் முதல் விமானமும் ஆபத்துதான். தொலைவு தெரியாத மூட்டத்தில் இறங்க உதவும் உயர்தரக் கருவிகள் சிறிய விமான நிலையங்கள் பலவற்றில் இல்லை. ஆகவே பனி விலகியபின் புறப்படுவதும், தனக்குப் பின்னால் இன்னொரு விமானமாவது மீதமிருப்பதுமே சரியான தேர்வு. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: ஒரே டிக்கெட்டை வாங்கிவிட்டு, சிறிய விமானத்தை விட்டுவிட்டு ரயிலில் போய்ப் பெரிய விமானத்தில் மட்டும் ஏறிக்கொள்ளலாம் என்று எண்ணக் கூடாது. முதல் கட்டத்தில் வராத பயணிக்கு மீதிக் கட்டங்கள் பொதுவாக ரத்தாகிவிடும்.

தரைவழியைத் தாழ்த்திச் சொல்ல மாட்டேன். முந்தைய நாளே போய், விமான நிலையத்துக்கு அருகில் தங்கத் தயாராக இருப்பவருக்கு அது நிம்மதியான வழி. பெட்டிகள் அதிகமிருந்தால் செலவும் குறையும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் ரயிலையும் விமானத்தையும் ஒரே முன்பதிவில் வாங்கும் வசதி இருக்கிறது. நான் வலியுறுத்தும் பாதுகாப்பை அது தரைக்கே கொண்டுவருகிறது. அப்படிப்பட்ட இணைப்பில் ரயில் தாமதமாகி விமானத்தைத் தவறவிட்ட அனுபவம் எனக்கில்லாததால், நடைமுறையில் அது எவ்வளவு சீராக இயங்குகிறது என்பதை அப்படிப் பயணித்தவர்களிடம் கேட்பதே முறை. தனி டிக்கெட்டை நான் ஏற்பது, இடையில் ஓர் இரவு தங்கல் இருக்கும்போது மட்டும்தான்.

முன்பதிவு இணையதளங்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டவைத்து ஒரே பயணம்போலக் காட்டுவதும் உண்டு. அதன் ஓரத்தில் செல்ஃப் டிரான்ஸ்ஃபர், அதாவது விமானம் மாறுவது பயணியின் சொந்தப் பொறுப்பு, என்ற குறிப்பு சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டு விமானங்களும் உண்மையிலேயே ஒரே முன்பதிவாக வருகின்றனவா என்பதைப் பணம் செலுத்துவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.