ஆக்சைடு மேல எது நல்லா ஒட்டும்: கார்பாக்ஸிலிக்கா, பாஸ்போனிக்கா, சைலேனா, கேட்டகாலா?

ஒரு மாலிக்யூல ஆக்சைடு (ஆக்சிஜனோட சேர்ந்த உலோகம், சிலிக்கான் மாதிரி) மேல ஒட்ட வைக்க, அதோட முனைல போடுற நாலு வகை கொக்கிங்க இவை. சும்மா "எது ஸ்ட்ராங்?"னு கேட்டா பதில் சொல்ல முடியாதுங்க. எந்த ஆக்சைடு, அது தண்ணில கிடக்கப் போகுதா, இந்த ரெண்டையும் முதல்ல சொல்லணும். ஏன்னா ஆக்சைடோட மேல்பரப்பு பூரா ஹைட்ராக்ஸில் (OH) குரூப்தான், நம்ம மாலிக்யூல் அதுங்களோட ரியாக்ட் பண்ணி தண்ணிய வெளிய தள்ளிட்டுத்தான் உக்காருது, அதே தண்ணி நிறைய வந்தா ரியாக்ஷன் திரும்பி ஓடவும் செய்யும்.

கார்பாக்ஸிலிக் ஆசிட் ரொம்ப ஈஸி. டைட்டானியால (டைட்டானியம் ஆக்சைடு) அதோட ரெண்டு ஆக்சிஜனும் பக்கத்து பக்கத்து டைட்டானியம் அணுக்களப் புடிச்சுக்கும், ஐஆர் (அகச்சிவப்பு) ஸ்பெக்ட்ரம் எடுத்துப் பாத்தா 1700 cm⁻¹ கிட்ட இருந்த கார்போனைல் (C=O) பீக் போயி 1550, 1400 பக்கம் ரெண்டு பீக் வந்திருக்கும். 1991ல ஓரீகனும் கிராட்ஸலும் காட்டின டை சோலார் செல்லுல (சாயம் வெளிச்சத்த உறிஞ்சி டைட்டானியாவுக்கு எலக்ட்ரான் குடுக்கிற செல்) சாயத்தப் புடிச்சு வச்சதும் இதுதான். ஆனா காரத் தண்ணில வச்சா மெல்ல கழண்டு வந்துரும்.

அங்கதான் பாஸ்போனிக் ஆசிட் ஜெயிக்குது. மூணு ஆக்சிஜன் வரைக்கும் புடிக்கலாம், டைட்டானியா, அலுமினா, ஸிர்கோனியா எல்லாத்துலயும் தண்ணிக்கு நல்லாவே தாங்கும், தங்களுக்குள்ளயே ஒட்டிக்கிற தொல்லையும் இல்ல. அப்போ சோலார் செல்லுல ஏன் எல்லாரும் இதுக்கு மாறலன்னா, நடுவுல இருக்கிற டெட்ராஹெட்ரல் பாஸ்பரஸ் கான்ஜுகேஷன (எலக்ட்ரான் ஓடுற தொடர் பாண்ட் வழி) அறுத்துருது, சாயத்துல இருந்து டைட்டானியாவுக்கு எலக்ட்ரான் இறங்குறது ஸ்லோவாகும்.

கண்ணாடி, சிலிக்கா (சிலிக்கான் ஆக்சைடு) மாதிரின்னா பாஸ்போனிக் வேணாம், அந்த பாண்ட தண்ணி உடைச்சிரும். அங்க சைலேன் (சிலிக்கான் இருக்கிற கொக்கி) தான். ஒரே தலைவலி ஈரம்: துளி ஈரம் இல்லன்னா மோனோலேயர் (ஒரே மாலிக்யூல் தடிமன் படலம்) சரியா வராது, கொஞ்சம் கூடிட்டா சைலேன் தங்களுக்குள்ளயே பாலிமராகி கட்டி கட்டியா படியும், அதுலயும் ட்ரைகுளோரோ (மூணு குளோரின் இருக்கிற) வகை ரொம்ப மோசம்.

கேட்டகால்னா (பென்சீன் வளையத்துல பக்கத்து பக்கத்துல ரெண்டு OH) கடல் சிப்பி பாறைல ஒட்டிக்கிற அதே கெமிஸ்ட்ரி. இரும்பு ஆக்சைடு நானோ துகளுக்கு அருமை. டைட்டானியால போட்டா கலரே மஞ்சள், ஆரஞ்சுன்னு மாறும், ஒட்டிருச்சான்னு கண்ணாலயே தெரியும். ஆனா காரத்துல காத்து பட்டா க்வினோனா ஆக்ஸிடைஸ் ஆகிரும்.

என் கணக்கு: கண்ணாடி, சிலிக்கா மாதிரின்னா சைலேன், மத்ததுல பெரும்பாலும் பாஸ்போனிக். ஜிங்க் ஆக்சைடுல மட்டும் ஜாக்கிரதை, ரொம்ப நேரம் ஊறவிட்டா பாஸ்போனிக் ஆசிட் ஒட்டுறதோட நிக்காம அந்த ஆக்சைடையே அரிக்க ஆரம்பிச்சிரும், அதனால டைமும் கான்சன்ட்ரேஷனும் கம்மியா வைங்க.