கிச்சன் மாற்றப் போகிறீர்களா? 3,92,000 ரூபாயைத் தொலைத்தவள் எழுதுகிறேன்

நேற்று சாயங்காலம் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" அதைப் படிக்கும்போது நான் பாத்ரூமில் குந்தி உட்கார்ந்து குக்கர் தேய்த்துக்கொண்டிருந்தேன். கிட்டத்தட்ட நாலு மாதமாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது அங்கேதான். சமையல் பெட்ரூமில், இண்டக்‌ஷன் அடுப்பில். தாளிக்கிற நாளில் தலையணை உறையெல்லாம் கடுகு வாசனை.

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனியின் பெயரைப் போடப் போவதில்லை, போட வேண்டாம் என்று எங்கள் வக்கீல் சொல்கிறார். வீட்டு உள்அலங்காரம் செய்து தரும் ஆன்லைன் கம்பெனி. போனைத் திறந்தாலே "45 நாளில் கனவு கிச்சன்" என்று விளம்பரம் வரும், ஊருக்குள் கண்ணாடி போட்ட ஷோரூமும் இருக்கும். அந்த வகை.

எங்களுடையது சென்னைப் புறநகரில் பழைய ஃபிளாட். கிச்சன் எட்டுக்குப் பத்து, பக்கத்திலேயே ஹால். நடுச்சுவரைப் பாதி உயரத்துக்கு எடுத்துவிட்டால் அடுப்படியில் நிற்பவர் ஹாலில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டே வேலை செய்யலாம், பையன் அந்தத் திண்டிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதலாம். இதுதான் ஆசை. பெரிய ஆசையா? அத்தைக்கு வேறொரு ஆசை இருந்தது. கிரைண்டரைக் குனிந்து தூக்காமல் இழுத்து வெளியே எடுக்கும்படி ஒரு தட்டு வேண்டும், அவ்வளவுதான்.

ஆடி முடியட்டும் என்று அத்தை சொன்னதால் ஆவணியில் பேசினோம். டிசைனர் என்று ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். காபி கொடுத்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராக அத்தையிடம் போனான். "அம்மா, வீட்டுல அதிகம் சமைக்கிறது நீங்கதானே? கையை மடிச்சு நில்லுங்க." தரையிலிருந்து அவர் முழங்கை வரைக்கும் டேப் வைத்து அளந்தான். முப்பத்தைந்தரை அங்குலம். "முழங்கைக்கு நாலஞ்சு இன்ச் கீழ மேடை இருந்தாத்தான் தோள் வலிக்காது. உங்களுக்கு 31 போதும்மா. எல்லாருக்கும் ஒரே உயரத்துல போடுறது தப்பு" என்று சொல்லி, நோட்டில் 31 என்று எழுதி வட்டம் போட்டான்.

அந்த வட்டத்தில்தான் நாங்கள் விழுந்தோம். அத்தையின் உயரம் நாலடி பத்தங்குலம். நாற்பது வருஷமாக மற்றவர்கள் உயரத்துக்குக் கட்டிய மேடையில் தோளைத் தூக்கிக்கொண்டு காய் நறுக்கியவர். ஒருத்தரும் அவரை அளந்து பார்த்ததில்லை. பையன் போன பிறகு, "தங்கமான பிள்ளை, இவங்ககிட்டயே கொடுத்துடலாம்" என்றார். என் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கலாம் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன்.

மொத்தம் 4,90,000. கையெழுத்துப் போடும்போது பாதி, அதாவது 2,45,000. சரக்கு கிளம்பும்போது 30 சதவீதம், 1,47,000. வேலை முடிந்ததும் மீதி 98,000. ஆக முதல் இரண்டு தவணையில் நான் கொடுத்தது 3,92,000. நகைச்சீட்டும் வீட்டுக்காரரின் போனஸும் சேர்ந்த பணம்.

பணம் கட்டி எட்டாம் நாளே உடைக்க ஆள் வந்துவிட்டார்கள். அந்த வேகத்தைப் பார்த்து சந்தோஷப்பட்டோம் பாருங்கள், அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது. பழைய மேடை, சிங்க், கடப்பா அலமாரி, நடுச்சுவர் எல்லாம் ஒன்றரை நாளில் காலி. அந்தக் கடப்பாப் பலகைகள் இத்தனை வருஷத்தில் ஒரு விரிசல் விட்டதில்லை. குப்பையோடு லாரியில் ஏற்றி அனுப்பினோம். உடைத்துப் போட்ட கிச்சனோடு நிற்கிறவள் எந்தக் கம்பெனியோடும் சண்டை போட முடியாது. அவசரம் நமக்கு, அவர்களுக்கு என்ன?

இரண்டாவது தவணையை அந்த டிசைனர் பையன் கேட்டது ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு. "மேம், ஃபேக்டரியில லோடு ரெடி. இன்னைக்கே போட்டீங்கன்னா திங்கட்கிழமை வண்டி கிளம்பிடும். கம்பெனி அக்கவுண்ட்ல போட்டா கிளியர் ஆக ரெண்டு நாள் ஆகும், இது நம்ம வெண்டர் அக்கவுண்ட்தான்." வீட்டுக்காரர் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுக் கேள் என்றார். அத்தையை அளந்த பையன் ஏமாற்றுவானா என்று போட்டுவிட்டேன். 1,47,000. இன்றைக்குக் கம்பெனி சொல்வது: "எங்களுக்கு வந்தது 2,45,000 மட்டும்தான் மேம். மத்தது உங்களுக்கும் வெண்டருக்கும் நடுவுல."

பெட்டிகள் வந்தன. இரண்டு ஆசாரிகள் மாட்டினார்கள். அடுப்புப் பக்கம் கிரானைட்டும் ஒட்டினார்கள், கேஸ் டியூபுக்கு ஓட்டை போடாமலே. சரி, மனுஷத் தவறு என்று விட்டேன். அப்புறம் அத்தை அதன் முன்னால் போய் நின்றார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் பூஜைக்கு உட்காரும் மணையை எடுத்து வந்து, கீழே போட்டு, அதன்மேல் ஏறி நின்று பார்த்தார். நான் டேப் வைத்தேன். 35 அங்குலம்.

மூத்த ஆசாரியிடம் கேட்டேன். அவர்தான் விஷயத்தை உடைத்தார். ஃபேக்டரியிலிருந்து வரும் கீழ்ப்பெட்டியின் உயரம் 720 மில்லிமீட்டர். கீழே பிளாஸ்டிக் கால் 150. மேலே கல் 20. கூட்டினால் 890, அதாவது 35 அங்குலம். சின்னக் கால், 100 மில்லிமீட்டர், போட்டாலும் 33-க்குக் கீழே இறங்காது. 31 வேண்டுமென்றால் பெட்டியையே தனியாக அறுத்துச் செய்ய வேண்டும், அதற்கு ரேட் வேறு. நோட்டில் 31 என்று எழுதி வட்டம் போட்டவனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இன்னொன்றும் சொன்னார், குரலைத் தாழ்த்தி. "மேடம், இது ப்ளைவுட் இல்ல. லேமினேட் ஒட்டின பார்ட்டிகிள் போர்டு, மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை." சிங்க் பெட்டிக்குள் பைப் போக ஓட்டை போட்டபோது விழுந்த வட்டத் துண்டைக் கையில் கொடுத்தார். ஓரத்தை நகத்தால் கீறினேன். ரவை மாதிரி உதிர்ந்தது. ப்ளைவுட்டாக இருந்தால் ஓரத்தில் மரத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கடுக்காகத் தெரிய வேண்டுமாம். அன்று ராத்திரி அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் காபியில் முக்கிய ரஸ்க் போல ஊதிக் கிடந்தது. 16 மில்லிமீட்டர் இருந்தது, ஸ்கேல் வைத்தால் 22. சிங்குக்கு அடியில் வரப்போவது இது! ஏற்கெனவே பிளம்பர் குழாயைத் திறந்து பார்த்தபோது இரண்டு நாள் சொட்டியதில் அந்தப் பெட்டியின் அடித்தட்டு உப்பிவிட்டிருந்தது. நான் ஈரத்துணி பட்டிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எங்களிடம் சொன்னது பிடபிள்யூபி ப்ளைவுட். கொதிக்கிற தண்ணீரையும் தாங்கும் என்று ஷோரூமில் ஒரு கண்ணாடித் தொட்டியில் துண்டுகளை மிதக்கவிட்டுக் காட்டினார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பதினோராம் பக்கத்தில் "பிடபிள்யூபி ப்ளைவுட் அல்லது அதற்கு நிகரான போர்டு" என்று இருக்கிறது. நிகரானதாம். இதுதானா நிகர்?

மீதி 98,000 தர மாட்டேன், சிங்க் பெட்டியை மாற்றுங்கள் என்றேன். மறுநாளிலிருந்து ஆசாரிகள் வரவில்லை. அவர்களுக்கும் கூலி பாக்கி என்று பிறகு தெரிந்தது.

அப்புறம் தொடங்கியது போன் படலம். முதலில் டிசைனர், "செக் பண்ணிட்டுச் சொல்றேன் மேம்." பத்து நாளில் அவன் எண் அணைந்தது. வேலையை விட்டுவிட்டானாம். அடுத்து ப்ராஜெக்ட் மேனேஜர் என்று ஒருத்தர், "நான் இப்பத்தான் ஜாயின் பண்ணேன், முதல்லேருந்து சொல்லுங்க." முதலிலிருந்து சொன்னேன். அடுத்து குவாலிட்டி டீமிலிருந்து ஒரு பெண், போட்டோ அனுப்பச் சொன்னார். பதினேழு போட்டோ அனுப்பினேன், ஊறிய துண்டு டம்ளரோடு. நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. தீபாவளிக்குப் புது கிச்சனில் அதிரசம் என்று சொல்லியிருந்தார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் கூப்பிட்டால் "ஃபெஸ்டிவல் சீசன் மேம், லேபர் இல்ல." கார்த்திகையில் "மழை மேம்." மார்கழியில் ஷோரூமுக்கே நேரில் போனோம். தண்ணீர் பாட்டில் கொடுத்து சோபாவில் உட்கார வைத்தார்கள். இரண்டு மணி நேரம். கடைசியில் ஒருத்தர் வந்து, "பேலன்ஸ் கட்டிடுங்க, உடனே டீம் அனுப்புறோம்" என்றார். பக்கத்து மேஜையில் இன்னொரு பையன் ஒரு பாட்டியை முழங்கை மடித்து நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தான். கத்திவிட்டேன். செக்யூரிட்டி வந்தார். வீட்டுக்காரர் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார்.

அதற்கப்புறம் வந்ததுதான் நேற்றைய நட்சத்திர எஸ்எம்எஸ். 3,92,000 வாங்கிக்கொண்டு நட்சத்திரமும் கேட்கிறார்கள்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. தோன்றியதைச் சொல்கிறேன். "அல்லது நிகரான" என்று இருந்தால் அதை அடிக்கச் சொல்லிவிட்டு, எந்தப் பெட்டிக்கு எந்தப் பலகை என்று எழுதி வாங்குங்கள். பிடபிள்யூபி ப்ளைவுட் என்றால் பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 710 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 303 என்றால் அது வேறு ரகம். அறுப்பதற்கு முன்னாலேயே பாருங்கள், லேமினேட் ஒட்டிய பிறகு ஒன்றும் தெரியாது. மேடை உயரத்தை வரைபடத்தில் எண்ணாகப் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள், நோட்டில் போட்ட வட்டம் செல்லாது. பெட்டிகள் வீட்டுக்கு வந்து இறங்கும்வரை பழைய கிச்சனில் கை வைக்க விடாதீர்கள். ஒப்பந்தத்தில் உள்ள பெயரைத் தவிர வேறு கணக்குக்கு ஒரு ரூபாய் போடாதீர்கள், யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாங்கள் போட்டுவிட்டோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்று வக்கீல் சொன்னார். ரசீது, வாட்ஸ்அப், அந்த ஊறிய துண்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். துண்டு காய்ந்த பிறகும் சுருங்கவில்லை, அப்படியே ஊதித்தான் இருக்கிறது.

பெட்ரூமில் மூணாவது விசில் வந்துவிட்டது. அத்தை கூப்பிடுகிறார், போகிறேன்.