பழைய டீசல் லாரிக்கு இரண்டாவது ஃபில்டர் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு: எனக்குப் போனது 3,800 வெள்ளி

3,800 வெள்ளி. நேற்று சாயங்காலம் கடைசித் தொகையைக் கட்டி லாரியை வெளியே எடுத்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. லாரி, வேன் வைத்துப் பிழைக்கும் அண்ணன் தம்பிகள் இதே வலையில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடைசியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

நான் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறேன். என்னுடையது 14 அடி லாரி. ஜப்பான் வண்டி, காமன் ரெயில் டீசல், அதாவது டீசலை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜின். 10 வருடம் முடிந்ததும் சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழை, 5 வருடத்துக்குப் புதுப்பித்து ஓட்டுகிறேன். 5 வருடம் என்று எடுத்தால் அதற்குமேல் நீட்டிக்க முடியாது, அதற்குள் போட்ட காசை எடுத்தாக வேண்டும். வயதான லாரி என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன் வேறு. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் விடியுமுன் காய்கறி ஏற்றி, தேக்கா பக்கத்துக் கடைகளில் இறக்குவதுதான் என் தொழில். வண்டி நின்றுபோனால் கீரையும் வெண்டைக்காயும் எனக்காகக் காத்திருக்காது.

இரண்டாவது ஃபில்டர் என்பதே ஏமாற்று வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது நல்ல யோசனைதான். நம் ஊர் ஈரக்காற்றுக்கு, பாதி காலியாக நிற்கும் டேங்கின் உள்சுவரில் ராத்திரி நேரத்தில் நீர் கோக்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் போய்த் தங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புப் பாசி மாதிரி கட்டிக்கொள்ளும். பழைய டேங்க் என்றால் துருவும் உண்டு. காமன் ரெயிலில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும், டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியோ ஒருசில மைக்ரான்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒருசில பங்கு. தண்ணீரோ துருவோ அதற்குள் போனால் தாங்காது. அதனால்தான் டேங்குக்கும் வண்டியோடு வந்த ஃபில்டருக்கும் நடுவில், அடியில் கண்ணாடிக் கிண்ணமும் வடிகுழாயும் உள்ள ஒரு தண்ணீர் பிரிப்பானைப் பொருத்துகிறார்கள். முதலில் அது தண்ணீரையும் பெரிய அழுக்கையும் பிடிக்கும், பொடி அழுக்கைப் பழைய ஃபில்டர் பிடிக்கும். இந்த வரிசை முக்கியம். என் காசு போனது இந்த வரிசையில்தான்.

ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்தில் விளம்பரம் பார்த்தேன். பழைய டீசல் வண்டிக்கு டபுள் ஃபில்டர், தண்ணீர் பிரிப்பானுடன், ஒரே நாளில் வேலை முடியும், ஆறு மாத வாரண்டி என்று போட்டிருந்தது. தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் மாடியில் இருக்கும் சின்ன வொர்க்‌ஷாப். போனதும் அந்த ஆள் தமிழிலேயே பேசினான். "வாங்கண்ணே, எந்த ஊரு நமக்கு?" என்றான். தஞ்சாவூர் பக்கம் என்றேன். "அட, நான் பட்டுக்கோட்டைண்ணே" என்று பையனை அனுப்பி கோப்பி வாங்கிவரச் சொன்னான். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய ஃபில்டரை எடுத்து, நடுவில் அறுத்து விரித்துக் காட்டினான். மடிப்பு மடிப்பாகக் கறுப்புச் சேறு. "இதத்தாண்ணே உங்க இன்ஜெக்டர் தினமும் குடிக்குது. நம்ம ஆளுன்னுதான் சொல்றேன், இதுக்குமேல லேட் பண்ணாதீங்க. அடுத்த இன்ஸ்பெக்‌ஷன்ல புகை அடிச்சா அப்புறம் என்கிட்டதான் வருவீங்க."

அந்தச் சேறும் பொய்யில்லை, அவன் சொன்ன காரணமும் பொய்யில்லை. அதனால்தான் நம்பினேன். ஃபில்டர் செட், ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து 780 வெள்ளி. பேநவ் என்கிற வங்கிப் பணமாற்றில் போட ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுத்தான். பில்லில் "ஃபில்டர் வேலை" என்று மட்டும் எழுதியிருந்தது.

சில நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணினால் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. போன் பண்ணினேன். "ஏர் பிடிச்சிருக்கும்ண்ணே, ஹேண்ட் பம்ப்ப அடிங்க, சரியாயிடும்" என்றான். அடித்தேன், அன்றைக்குச் சரியானது, மறுநாள் அதே கதை. மேட்டில் ஏறினால் வண்டி இழுக்கவில்லை. சிக்னலில் நின்றால் இன்ஜின் ஏறி இறங்கி உறுமியது. மறுபடி போன். "டீசல் எங்கண்ணே போட்டீங்க? ஜோகூர்லயா?" எல்லை தாண்டி மலேசியாவில் இருக்கும் ஜோகூருக்கு நான் எந்தக் காலத்தில் போனேன்! சந்தைக்கும் கடைக்கும் ஓடவே எனக்கு நேரம் பத்தவில்லை. நேரில் போனால் "பாஸ் வெளிய போயிருக்காரு" என்கிறான் பையன். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை.

பிறகு ஒருநாள் ஆயர் ராஜா விரைவுச்சாலையில், முழுச் சரக்கோடு, வண்டி அப்படியே அணைந்து நின்றுவிட்டது. பின்னால் வருகிற கனரக வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போகின்றன. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து பக்கத்துக் கார் நிறுத்துமிடம்வரை இழுத்துக்கொண்டுபோய் விட்டது. அதற்குக் காசு கிடையாது, அந்த ஊழியர்கள் நல்லபடியாக நடந்துகொண்டார்கள். அங்கிருந்து வேறொரு வொர்க்‌ஷாப்புக்கு இழுக்க 120 வெள்ளி. அன்றைய சரக்கை நண்பரின் வேனில் மாற்றி ஏற்றி அனுப்பினேன், பாதிக் கீரை வாடிப்போய்த் திரும்பி வந்தது. அந்த நஷ்டத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இரண்டாவது வொர்க்‌ஷாப்பில் இருந்தவர் வயதான சீன அங்கிள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். புது ஃபில்டரைப் பழைய ஃபில்டருக்குப் பின்னால், பம்புக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான். அதாவது கடைசியாக. அதிலிருந்து பம்புக்குப் போகிற ஹோஸ் டீசலுக்கானதே இல்லை. அங்கிள் அதைக் கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பிளந்தார். உள்பக்கம் ஊறிப்போய், கொப்புளம் கொப்புளமாக உரிந்திருந்தது. டிஷ்யூவால் துடைத்தால் மிளகுத் தூள் மாதிரி கறுப்பு ரப்பர் துகள்கள். இணைப்பு மரையில், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் அந்த வெள்ளை டேப். அதன் நார்களும் பிய்ந்து உள்ளே போயிருக்கின்றன. அந்த ஹோஸுக்கும் பம்புக்கும் நடுவில் எதையும் தடுக்க ஒன்றுமே கிடையாது. அத்தனையும் நேராகப் பம்புக்குள், அங்கிருந்து இன்ஜெக்டருக்குள்.

காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கும் காரணம் அதிலேயே இருந்தது. என் வண்டியில் டேங்குக்குள் தனிப் பம்ப் கிடையாது, முன்னால் இருக்கும் பம்ப்தான் டீசலை உறிஞ்சி எடுக்கும். உறிஞ்சுகிற பக்கத்தில் கிளிப் தளர்ந்திருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுக்கூட இருக்காது, ஆனால் இரவோடு இரவாக லைன் காலியாகிவிடும். அங்கிள் ஒரு துண்டு ஒளிபுகும் ஹோஸை நடுவில் மாட்டிக் காட்டினார், குமிழ் குமிழாக ஓடியது. விளம்பரத்தில் சொன்ன தண்ணீர் பிரிப்பான்? கிண்ணமும் இல்லை, வடிகுழாயும் இல்லை. பேர் தெரியாத சாதாரண ஃபில்டர் ஒன்று.

பம்புக்குள் போகும் டீசலைக் கட்டுப்படுத்தும் சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வு மாற்றி, இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்து, கெட்டுப்போனவற்றை மாற்றி, டேங்கையும் லைனையும் கழுவி, எல்லாவற்றையும் பழையபடி பொருத்த 2,900 வெள்ளி. 780, 120, 2,900. மொத்தம் 3,800 வெள்ளி.

பிளந்த ஹோஸைப் பையில் போட்டுக்கொண்டு அவனிடம் நேரில் போனேன். அன்றைக்கு இருந்தான். "அண்ணே"யும் இல்லை, கோப்பியும் இல்லை. "வேற வொர்க்‌ஷாப்காரன் கழட்டிட்டான்ல, வாரண்டி போச்சு" என்றான். விரைவுச்சாலையில் நின்ற வண்டியை நான் யாரிடம் கொண்டுபோவது? நீதான் போனையே எடுக்கவில்லையே என்றேன். "வாரண்டி ஃபில்டருக்குத்தான், இன்ஜினுக்கு இல்ல. வேணும்னா ஒரு புது ஃபில்டர் தர்றேன், எடுத்துட்டுப் போங்க." 3,800 வெள்ளிக்கு ஒரு ஃபில்டர்! விற்பனைத் தளத்துக்கு எழுதினேன். பணம் அவர்கள் வழியாகக் கட்டப்படவில்லை, அதனால் தலையிட முடியாது என்று ஒரு ஆயத்தப் பதில் வந்தது. அந்த விளம்பரம் இன்றைக்குக் காலைவரை அப்படியே இருக்கிறது.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகிறேன். 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஹோஸ், படங்கள், இரண்டு பில், வாட்ஸ்ஆப் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன், சந்தைக்குக் கிளம்பும் நேரமாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் பிரிப்பான் டேங்க் பக்கம், வண்டியோடு வந்த ஃபில்டர் கடைசியில். மாற்றி மாட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். உறிஞ்சும் பக்கத்தில் மிக நுண்ணிய ஃபில்டரைப் போட விடாதீர்கள், பம்புக்கு டீசல் போதாமல் போகும். ஹோஸில் எரிபொருளுக்கானது என்று அச்சடித்திருக்கிறதா என்று மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். மரையில் வெள்ளை டேப் கூடவே கூடாது. பில்லில் ஃபில்டரின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். பேநவ் போடுவதாக இருந்தால் நிறுவனத்தின் பதிவு எண்ணுக்குப் போடுங்கள், யாரோ ஒருவரின் கைப்பேசி எண்ணுக்கு வேண்டாம். மாட்டிய பிறகு காலையில் ஒருநாள் ஸ்டார்ட் ஆகாமல் இழுத்தாலும் அதற்குமேல் ஓட்டாதீர்கள், அன்றைக்கே வேறொரு ஆளிடம் காட்டிவிடுங்கள்.