பசறையா, 18 வளைவா: மட்டக்களப்பிலிருந்து மலைக்கு சைக்கிளில்

பதியத்தலாவைச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை. வலப்பக்கம் போனால் மகியங்கனை, அப்புறம் 18 வளைவு என்று பேர் பெற்ற கொண்டையூசி வளைவு மலைப்பாதையில் ஏறிக் கண்டி. மட்டக்களப்பிலிருந்து சைக்கிளில் மலைக்குப் புறப்பட்டவர் யாராக இருந்தாலும் இந்தச் சந்தியில் ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டே முடிவெடுத்தாக வேண்டும். நான் இடப்பக்கம் மூன்று முறை போயிருக்கிறேன், வலப்பக்கம் ஒரே முறை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அம்பாறைக்காரருக்கு மூன்றாவது வழியும் உண்டு. தமணை, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று போய் எல்லவுக்கு ஏறுவது. அதைக் கடைசியில் கொஞ்சம் பார்க்கலாம். அதில் எனக்கு அனுபவம் குறைவு.

சந்தி வரைக்கும் இரண்டும் ஒரே பாதைதான், ஏ5 வீதி. செங்கலடியில் கறுத்தப் பாலத்தைத் தாண்டினால் படுவான்கரை, அதாவது வாவிக்கு மேற்குப் பக்கம். இலுப்படிச்சேனை, கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா. வீதி நல்ல வீதி, வாகனம் குறைவு. காலையில் பட்டி மாடுகள் வீதியை மறித்து நின்றால் மணி அடித்துப் பயனில்லை, இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். யானை நடமாடும் பகுதி என்பதால் விடிந்த பிறகே காட்டுத் துண்டுக்குள் நுழைய வேண்டும், பொழுதுபடுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வேறு. மழையையெல்லாம் மேற்கே கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிற காற்று அது. போகும்போது நேரே முகத்தில் அடிக்கும். மாரியில் மலையிலும் மழை, எங்களிடத்திலும் மழை. ஆகவே பெப்ரவரி, மார்ச்தான் என் மாதங்கள்.

மட்டக்களப்பு நகரத்திலிருந்து பிபிலை 110 கிலோமீற்றரைத் தாண்டும். ஒரே நாளில் முடியும், ஆனால் முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மகா ஓயாவில் தங்கி, வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு மறுநாள் புறப்பட்டால் மலை கொஞ்சம் மரியாதையாக நடத்தும்.

இனி ஏற்றம். எல்லாரும் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். 18 வளைவு செங்குத்தா? ஆம். லுணுகலை ஏற்றம் நீளமா? ஆம். முடியாவிட்டால் இறங்கி உருட்டலாம், இரண்டிலும் வெட்கமில்லை. மட்டக்களப்பானுக்குப் பழகின மேடு கல்லடிப் பாலம் ஒன்றுதான் என்பது ஊரறிந்த கதை.

யாரும் கேட்காதது இறக்கத்தைப் பற்றி. என் கணக்கில் தீர்மானிப்பது அதுதான். கண்டிக்காரன் மேலேயிருந்து இறங்கி வந்து, கடலில் குளித்துவிட்டு, பஸ்ஸில் ஏறிப் போய்விடுவான். நாங்கள் கடல் மட்டத்து ஆட்கள். வந்த வழியே கிறுகினால், ஏறினதையெல்லாம் இறங்கியே தீர வேண்டும். அதுவும் களைத்த உடம்போடு, இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில். சமதரையில் வளர்ந்ததால் பிரேக் பிடிக்கிற பழக்கமே எங்களுக்குக் குறைவு. நாயோ ஆட்டோவோ குறுக்கே வந்தால் பிடிப்போம், அவ்வளவுதான்.

ஆளும் சைக்கிளும் பையுமாக 100 கிலோ என்று வையுங்கள். 100 மீற்றர் உயரம் இறங்கினால் அதில் கிடைக்கிற சக்தியைச் சூடாக்கினால் ஒரு பெரிய கோப்பைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். வேகமாக ஓடினால் அதில் பெரும்பங்கைக் காற்று தடுத்து வாங்கிக்கொள்ளும். மெதுவாக இறங்கினால் காற்று உதவாது, முழுவதும் பிரேக்கின் தலையில். கொண்டையூசி வளைவுகளில் மெதுவாகத்தான் இறங்க முடியும். ரிம்மில் கட்டை உரசுகிற பிரேக் என்றால், அந்தச் சூடு ரிம்முக்குப் போய், அங்கிருந்து ரியூப்புக்குப் போகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 18 வளைவில் இறங்கும்போது கீழே மகாவலிச் சமவெளி விரிந்து கிடந்தது, அந்தக் காட்சிக்காக மட்டுமே அந்த வழிக்கு ஒரு முறை போகலாம். பின்னால் கண்டி பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. ஒதுங்கவும் பயம், வேகமாகப் போகவும் பயம். இரண்டு பிரேக்கையும் விடாமல் பிடித்தபடி நான்கைந்து வளைவு இறங்கினேன். சுட்ட ரப்பர் மணம் வந்தது. பஸ்ஸுடையது என்று நினைத்தேன். அடுத்த வளைவுக்குச் சற்று முன்னால் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், பின் சக்கரம் தரையில் அப்பியது. விழவில்லை, கல்வேலியில் தோளைக் கொடுத்து நின்றேன். ரிம்மைத் தொட்ட விரல் நுனியில் இரண்டு நாளுக்குக் கொப்புளம். ரியூப் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஒட்டுப் போடுகிற விசயமில்லை. கூட வந்த மச்சான் அவனுடைய மேலதிக ரியூப்பைத் தந்துவிட்டு, "மறுகா என்ன, ஹசலக்க வரைக்கும் உருட்டிக்கிட்டே வா" என்றான். உருட்டினேன்.

தவறு வீதியுடையது அல்ல. பிடித்தபடியே இறங்கக் கூடாது. வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். நான்கு வளைவுக்கு ஒரு முறை நின்று ரிம்மை ஆறவிட வேண்டும். ஆனால் அங்கே நிற்க இடம் அதிகமில்லை, பஸ்ஸும் லொறியும் ஓயாது. கிழக்கையும் கண்டியையும் இணைக்கிற பிரதான வீதியில் அமைதியை எதிர்பார்த்ததும் என் பிழைதான்.

லுணுகலைப் பக்கம் இறக்கம் துண்டு துண்டாக வருகிறது. பதுளையிலிருந்து பசறைக்கு, பசறையிலிருந்து லுணுகலைக்கு என்று தேயிலைச் சரிவின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகிற வீதி. ஒரு இறக்கம், ஒரு வளைவு, கொஞ்சம் ஏற்றம், பிறகு மறுபடி இறக்கம். அந்தச் சின்ன ஏற்றங்களைப் போகும்போது திட்டினேன். திரும்பும்போதுதான் அவற்றின் அருமை விளங்கியது: காலுக்கு வேலை, ரிம்முக்கு ஓய்வு. லுணுகலையிலிருந்து பிபிலை வரைக்கும் இறக்கம் நீளம்தான், ஆனால் நிற்க இடமும் நிழலும் கடையும் உண்டு.

இன்னொன்றும் உண்டு, இது முழுக்க என் சொந்தச் சாய்வு. மகா ஓயாவிலிருந்து பிபிலை வரை கேட்பது சிங்களம். லுணுகலையில் மறுபடி தமிழ் காதில் விழும், தோட்டத்துத் தமிழ். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரியவர் சைக்கிளை இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "மட்டக்களப்புல இருந்தா? இதுலயா? ஏன் தம்பி, பஸ் ஓடலியா?" என்று கேட்டார். அவர் நக்கலடிக்கவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே நான் திரும்பப் போனேன்.

இந்த வழியும் சொர்க்கமல்ல. பசறை லுணுகலை வீதியில் சில இடங்கள் ஒடுக்கம். 2021 மார்ச்சில் 13 ஆம் மைல்கட்டையில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தது நினைவிருக்கும். பதுளை மண்சரிவு ஆபத்துள்ள மாவட்டமும்கூட. மழை விடாமல் பெய்கிற நாளில் நான் பிபிலைக்கு மேலே ஏறுவதில்லை. பழைய இரும்பு ரிம் போட்ட சைக்கிளானால் மழைக்குப் பிரேக் பிடிக்கவே பிடிக்காது, கட்டை வழுக்கும். அலுமினிய ரிம் ஓரளவு தேவலாம்.

எந்தப் பக்கம் போனாலும் புறப்படுவதற்கு முதல் வாரம் இதைச் செய்யுங்கள். பிரேக் கட்டையைக் கழற்றி நெருப்புக்குச்சி நுனியால் கிளறிப் பாருங்கள். கடற்கரை மணல் உள்ளே பதிந்து கிடக்கும், அது ரிம்மை அரம் போல அராவும். கேபிளையும் மாற்றுங்கள். எங்கள் உப்புக் காற்றில் வெளியே பளபளவென்று இருக்கிற கேபிள், உறைக்குள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும். கல்லடிப் பாலத்தில் அது தெரியாது. மலையில், பிடித்த பிரேக் திரும்பி வராதபோதுதான் தெரியும். செலவு அற்பம்.

எல்ல வழியைப் பற்றி. அம்பாறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்து ஆட்களுக்கு அதுதான் கிட்ட. நான் எல்லவிலிருந்து வெல்லவாய வரை இறங்கியது மட்டும்தான், ஏறவில்லை, ஆகவே முழுத் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. மலையிடுக்கு அழகு. ஆனால் இராவணா நீர்வீழ்ச்சியடியில் வான்களும் செல்பி எடுப்பவர்களும் வீதியை அடைத்து நிற்க, நான் பிரேக்கைப் பிடித்தபடியே அரை மணி நேரம் ஊர்ந்தேன். விடியற்காலையில் இறங்கினால் வேறு கதையாக இருக்கலாம்.

கூட வந்த அதே மச்சான் இப்போது டிஸ்க் பிரேக் சைக்கிள் வாங்கியிருக்கிறான். சூடு தட்டோடு போய்விடும், ரியூப்புக்கு வராது, ஆகவே 18 வளைவுதான் சரி என்று வாதாடுகிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டிஸ்க் பிரேக்கில் நான் மலை இறங்கியதில்லை, மறுத்துப் பேச முடியவில்லை. வருகிற பெப்ரவரியில் சந்தி வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து போவது என்று முடிவு. அங்கே தேத்தண்ணி குடித்துவிட்டு அவன் வலப்பக்கம், நான் இடப்பக்கம். அவனிடம் வாங்கின ரியூப்பை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றைக்குக் கொடுத்துவிட வேண்டும்.