ரோடு கட்டிங்குக்குப் பாறை பார்க்க: சுத்தியலா, கரண்டா?

மதுரையிலிருந்து நத்தம், மேலூர், உசிலம்பட்டி என்று எந்தப் பக்கம் மேட்டை வெட்டி ரோடு போட்டாலும் முதல் கேள்வி, பாறை எத்தனை மீட்டரில் வருகிறது, எவ்வளவு கெட்டி என்பதுதான். துளை போட்டுப் பார்க்கும் போர்ஹோல் எல்லாரும் போடுவார்கள், போடவும் வேண்டும். ஆனால் இரண்டு போர்ஹோலுக்கு நடுவில் என்ன கிடக்கிறது என்று அது சொல்லாது. நம்ம பக்கத்து நைஸ், சார்னோகைட் என்ற கடும்பாறைகள் எல்லாம் சிதையும்போது மண்ணுக்குள்ளே பெரிய பெரிய உருண்டைக் கல்லை அப்படியே விட்டுவைக்கும். டிரில் பிட் அதில் ஒன்றின் மேல் போய் உட்கார்ந்து, ஒழுங்காகக் கோர் (உருளையாக வெட்டியெடுக்கும் பாறைத் துண்டு) எடுக்காமலும் விட்டால், அதையே அடிப்பாறை என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுவார்கள். அதனால்தான் தோண்டாமலே மேலிருந்து நிலத்துக்குள் அளந்து பார்க்கும் ஜியோபிசிக்கல் சர்வே. ஒரு மலையடிவாரக் கட்டிங்குக்கு எதை எடுப்பது என்று வந்தபோது மூன்று வழி இருந்தது: ரேடார் அலை விடும் ஜிபிஆர், கரண்ட் விடும் மின்தடை முறை, சம்மட்டியால் அடித்து அதிர்வை அளக்கும் சைஸ்மிக். நாங்கள் சைஸ்மிக்கை எடுத்தோம். இப்போது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஜிபிஆர் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. களிமண்ணில் ரேடார் அலை அமுங்கிப்போகும், திருமங்கலம் தாண்டிக் கரிசலில் அதை இழுத்துக்கொண்டு போவது வீண் செலவு. மாசி வீதி மாதிரி நெருக்கடியான இடத்தில் தோண்டுவதற்கு முன்னால் குழாய் எங்கே, கேபிள் எங்கே என்று பார்ப்பதற்கும், தார் எத்தனை கனம் போட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கும் அதை விட்டால் ஆளில்லை. அது வேற வேலை.

நிஜமான போட்டி மின்தடை முறைக்கும் சைஸ்மிக்குக்கும்தான். மின்தடை முறை நம் மக்களுக்கு நன்றாகத் தெரியும், போர்வெல் பாயிண்ட் பார்க்க வருகிறவர் கொண்டு வருகிற அதே சங்கதி. நாலு கம்பியை வரிசையாக அடித்து, வெளிக் கம்பி இரண்டில் கரண்ட் விட்டு, உள் கம்பி இரண்டில் வோல்டேஜ் அளப்பார்கள். கம்பிகளை அகட்ட அகட்ட ஆழம் கூடும். செலவு குறைவு, ஆளும் குறைவு. கோடையில் காய்ந்த சரளையில் கம்பி சரியாகக் கரண்டைக் கடத்தாது, உப்புத்தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். பக்கத்தில் இரும்புக் குழாயோ கம்பி வேலியோ போனால் ரீடிங் கெடும். இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு: ஓம்-மீட்டரில் வரும் அந்த மின்தடைக் கணக்கு ஈரத்தையும் களியையும்தான் முதலில் சொல்கிறது, கெட்டித்தன்மையை அல்ல. நன்றாகக் காய்ந்த சரளை பாறை மாதிரி ரீடிங் காட்டும், தண்ணீர் நிறைந்த வெடிப்புள்ள கடும்பாறை மண் மாதிரி காட்டும். மழைக்கு முன் ஒரு படம், மழைக்குப் பின் ஒரு படம்.

சைஸ்மிக்கில் நடப்பது எளிது. நேர்கோட்டில் 24 ஜியோபோன் (அதிர்வை உணரும் கருவி) குத்தி, தரையில் ஒரு இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடிப்போம், அதிர்வு ஒவ்வொரு ஜியோபோனுக்கும் எத்தனை மில்லிசெகண்டில் வந்தது என்பதே தரவு. தரை இறுகிக் கிடந்தால் கடப்பாரையால் குழி போட்டுத்தான் ஜியோபோனைச் செருக வேண்டும், ஆடினால் அந்தச் சானல் போச்சு. ஒரே இடத்தில் பலமுறை அடித்துக் கூட்டினால் இரைச்சல் அடங்கும், ஆனாலும் ரோட்டில் பஸ் வந்தால் அது தாண்டும்வரை சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். நிற்கும் நேரத்தில் யாராவது ஒரு பெரியவர் வந்து "தம்பி, தண்ணி எத்தனை அடியில கெடக்கு?" என்று கேட்காமல் போகமாட்டார். பார்க்க வேண்டிய ஆழத்தைப்போல நாலைந்து மடங்கு நீளத்துக்குக் கோடு வேண்டும். 10 மீட்டர் பார்க்கவே 40, 50 மீட்டர், வளைவான இடத்தில் இது தொல்லை.

இவ்வளவு தொல்லைக்கும் சேர்த்து ஏன் சைஸ்மிக் என்றால், பில்லுக்காக. டெண்டரில் மண் ஒரு ரேட், வெடி தேவைப்படாத சாதாரணப் பாறை ஒரு ரேட், வெடி வேண்டிய கடும்பாறை ஒரு ரேட், ஊர் பக்கத்தில் வெடி வைக்கக்கூடாது என்றால் பிரேக்கர் போட்டு உடைப்பதற்குத் தனி ரேட். வெட்டிய பிறகு எது எத்தனை கனமீட்டர் என்று கான்ட்ராக்டரும் கன்சல்டன்ட்டும் மல்லுக்கட்டாத சைட்டை நான் பார்த்ததில்லை. வெட்டி அள்ளியபின் இருந்ததை நிரூபிக்க வழி ஏது? சைஸ்மிக் தருவது அலைவேகம், அது நேராக எந்த மெஷின் வேண்டும் என்பதோடு பொருந்துகிறது. தளர்ந்த காய்ந்த மண்ணில் நொடிக்கு 300 முதல் 600 மீட்டர். ரிப்பர் என்ற கொக்கிப் பல் மாட்டிய பெரிய புல்டோசர் கிழிக்கக்கூடிய சிதைந்த பாறை சுமார் 2,000 வரை. சிதையாத நைஸ் 4,500-க்கு மேல் ஓடும். எந்தப் பாறையை எந்த வேகம் வரை கிழிக்கலாம் என்று புல்டோசர் செய்யும் கேட்டர்பில்லர் கம்பெனி போட்டிருக்கும் அட்டவணை இந்த வேகத்தை வைத்துத்தான். மேட்டின் நீளத்துக்கும் இந்த வேகக் கோடுகளை வரைந்து, வெட்டுவதற்கு முன்பே இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும். 1,500-க்கும் 2,500-க்கும் இடைப்பட்டது எப்போதும் இழுபறிதான், வெடிப்புகள் நெருக்கமா அகலமா என்பதைப் பொறுத்து மெஷின் ஜெயிக்கும் அல்லது தோற்கும். அந்த இடத்தில்தான் போர்ஹோலைப் போட வேண்டும், நூறு மீட்டருக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

சைஸ்மிக்கிலும் ஓட்டை இருக்கிறது. தண்ணீர் தேங்கிய மண்ணிலும் அலைவேகம் 1,500-ஐத் தொட்டுவிடும், கண்மாய் ஓரத்தில் அதைப் பார்த்துச் சிதைந்த பாறை என்று நினைத்துவிடலாம். மேலே கெட்டி, கீழே இளகல் என்றிருந்தால் கீழ் அடுக்கு கண்ணிலேயே படாது, அகலப்படுத்தும் வேலையில் பழைய ரோட்டின் மேல் கோடு போட்டால் இதுதான் நடக்கும். இந்த இரண்டுக்கும் மாஸ்வ் (MASW) என்ற இன்னொரு அதிர்வு முறை நல்லது. அதே சம்மட்டி, குறைந்த அதிர்வெண் ஜியோபோன், ஆனால் தரைமேல் ஓடும் அலையைப் பிடித்து பக்கவாட்டில் அசைக்கும் ஷியர் அலையின் வேகத்தைக் கணக்கிடுவார்கள், தண்ணீர் அதை அவ்வளவாக ஏமாற்றாது. கண்மாய்க் கரை ரோட்டில் அதை ஓரளவுதான் செய்து பார்த்திருக்கிறேன், முடிவு நம்பும்படி இருந்தது, அதற்கு மேல் அடித்துச் சொல்லமாட்டேன். மின்தடையிலும் பல கம்பிகளை ஒரே நேரத்தில் போட்டு நிலத்தின் குறுக்குவெட்டையே படமாக எடுப்பது இருக்கிறது. மற்றவர்கள் எடுத்த படங்களைப் பார்த்ததோடு சரி. சரிவில் ஊற்று எங்கே கசிகிறது, கரைக்கு அடியில் களி எங்கே என்று தேடுவதானால் நானே அதைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

சைஸ்மிக் கொடுக்கிறவரிடம் கலர் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மூல ஃபைல், ஒவ்வொரு ஜியோபோனுக்கும் எடுத்த லெவல், ஒவ்வொரு சம்மட்டி அடிக்கும் அதிர்வு முதலில் வந்துசேர்ந்த நேரமாக எதைக் குறித்தார் என்ற பட்டியல் மூன்றையும் ஒர்க் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். பில் சண்டை வரும்போது படத்தை யாரும் ஏற்கமாட்டார்கள், பட்டியலைத்தான் கேட்பார்கள்.