மீ சன், போ நகர், போ குளோங் கராய்: ஒரே ஒரு சாம் கோயிலுக்குத்தான் நேரம் என்றால்?

வியட்நாமில் சாம் மக்கள் (பழைய சம்பா நாட்டுக்காரர்கள்) கட்டிய சிவன் கோயில் பார்க்க வேண்டும் என்று சொன்னால் டூர்காரர்கள் எல்லாரும் கைகாட்டும் இடம் மீ சன். நாங்களும் முதலில் அங்கேதான் போனோம். அப்புறம் நா டிராங்கில் போ நகர், கடைசியாகப் பான் ராங்கில் போ குளோங் கராய். இப்போது யாராவது என்னிடம் "ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது, எங்கே போகலாம்?" என்று கேட்டால் பான் ராங் என்றுதான் சொல்கிறேன். கேட்பவர்களில் பாதிப் பேர் அந்த ஊர்ப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வசதி என்று பார்த்தால் போ நகரை மிஞ்ச முடியாது. நா டிராங் ஊருக்குள்ளேயே, காய் ஆற்றங்கரைக் குன்றின்மேல் இருக்கிறது. மீ சன், டா நாங்கிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், ஹோய் ஆனிலிருந்து 40. அரை நாள் போதும். பான் ராங் நா டிராங்கிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டர் சொச்சம். ரயில் இருக்கிறது. நிலையத்தின் பெயரே தாப் சாம், அதாவது சாம் கோபுரம். நுழைவுக் கட்டணம் மீ சன்னில்தான் அதிகம். வெயில் மூன்று இடத்திலும் ஒன்றுதான், காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள்.

மீ சன்னைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் இங்கே லிங்கம் நிறுவித் தன் பெயரையே சேர்த்துப் பத்ரேஸ்வரர் என்று வைத்தான். அந்த மரக்கோயில் தீயில் போனதும் சம்புவர்மன் மறுபடி எழுப்பினான். பிறகு பல நூற்றாண்டுகள் ராஜாக்கள் மாறி மாறிக் கட்டி, மலைகள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் 70-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஆகிவிட்டன. 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. செங்கல் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இரண்டு கல்லுக்கு நடுவே சாந்துக்கோடு கண்ணில் படாது. மரப்பிசின் வைத்து ஒட்டினார்கள் என்று ஒரு கட்சி, வேறு விதம் என்று இன்னொரு கட்சி, இன்னும் வாதம் தீரவில்லை. எல்லாவற்றிலும் உயரமாக நின்ற ஏ1 கோயில் 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில் சரிந்தது. குண்டு விழுந்த பள்ளங்களில் இப்போது புல் முளைத்திருக்கிறது. (பிரெஞ்சுக்காரர்கள் எழுத்தும் எண்ணுமாகப் போட்ட பெயர்கள்தான் இந்த ஏ1, பி1 எல்லாம். கோயிலுக்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை பாருங்கள்.)

பி1-இல் மேலே ஒன்றும் மிச்சமில்லை. கல் அடித்தளம், அதன்மேல் வெட்டவெளியில் ஒரு லிங்கம். சுற்றிலும் செல்ஃபி. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரிடா, இங்கே சாமிக்கு யார் தண்ணி ஊத்தறா?"

யாரும் இல்லை. எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு கேள்விதான்.

மீ சன்னின் மிகச் சிறந்த சிற்பங்கள் பல இன்று மீ சன்னில் இல்லை, டா நாங் சாம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டு என்று சொல்லப்படும் ஈ1 பீடமும் அங்கேதான். ஆகவே மீ சன் போவதானால் அந்த அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள். ஒன்றில்லாமல் மற்றது அரைகுறை. நமது இந்தியத் தொல்லியல் துறை அங்கே சில ஆண்டுகள் சீரமைப்பு வேலை செய்தது. 2020 மே மாதம் ஒரே கல்லாலான ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று அந்த வேலையில் வெளிப்பட்டபோது இங்கே செய்தியாகவும் வந்தது. நல்ல வேலைதான். ஆனால் வெளியே வந்த லிங்கத்துக்குப் பூசாரி இல்லை.

நாங்கள் வேனில் போன டூரில் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. அதில் இருபது நிமிடம் நடன நிகழ்ச்சிக்குப் போயிற்று. அந்தக் கோபம் இந்தக் கணக்கில் கொஞ்சம் ஏறியிருக்கலாம், மறைக்கவில்லை.

போ நகரில் பூசை உண்டு. தாராளமாகவே உண்டு. 'போ' என்பது சாம் மொழியில் மரியாதைச் சொல், 'நகர்' நாடு. நாட்டுத் தலைவி என்று வைத்துக்கொள்ளலாம். 774-இல் கடல்வழி வந்தவர்கள் இங்கிருந்த கோயிலைக் கொளுத்தி முகலிங்கத்தை (முகம் செதுக்கிய லிங்கம்) தூக்கிப் போனதையும், 784-இல் சத்தியவர்மன் திரும்பக் கட்டியதையும் கல்வெட்டு சொல்கிறது. 918-இல் இந்த அம்மனுக்கு, அதாவது பகவதிக்கு, பொன் சிலை வைத்தார்கள். அதைக் கம்போடியாவின் கெமர் படை கொள்ளையடிக்க, 965-இல் கல் சிலை வந்தது. 1653-இல் இந்தப் பகுதி வியட்நாமியர் கைக்குப் போனது. அவர்களோ அம்மனை விடவில்லை, தியென் ஈ ஆ நா என்று தங்கள் தாய்த்தெய்வமாக ஏற்றுக்கொண்டார்கள். உள்ளே ஊதுபத்திப் புகையில் கண் எரிகிறது, அம்மனுக்குப் பட்டு உடுத்தித் தங்க நிறக் கிரீடம் வைத்திருக்கிறார்கள், பழத்தட்டு குவிந்து கிடக்கிறது. அரைக்கால் சட்டையோடு வந்தவர்களுக்கு மேலே போட ஓர் அங்கி தருகிறார்கள். அம்மாவுக்கு இங்கே மனம் நிறைந்துவிட்டது. எனக்குத்தான் பேருந்து பேருந்தாக இறங்கும் கூட்டத்தில் இரண்டு நிமிடம் நிற்க இடம் கிடைக்கவில்லை. கருவறை வழிபாடும் பெரும்பாலும் வியட்நாமிய முறையாகிவிட்டது. சாம் மக்கள் தங்கள் தெய்வத்தைத் தாங்களே எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் தெற்கே இறங்க வேண்டும்.

பான் ராங் வியட்நாமிலேயே மழை குறைந்த வட்டாரம். முள், ஆடு, திராட்சைத் தோட்டம். வெற்றிலைக் குன்று என்று ஊர்க்காரர்கள் சொல்லும் மேட்டில் மூன்று செங்கல் கட்டடங்கள்: வாயில், படகைக் கவிழ்த்தாற்போல் கூரை வைத்த ஒன்று, இருபது மீட்டர் சொச்சம் உயரத்தில் மூலக் கோயில். கோபுரம் என்று எல்லாரும் சொன்னாலும் கருவறைக்கு மேலேயே உயர்வதால் நம் கணக்கில் அது விமானம். சாம் மொழியில் கலான். மூன்றாம் ஜெயசிம்மவர்மன் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 14-இன் தொடக்கத்திலோ கட்டியது. சிற்ப வேலைப்பாட்டில் மீ சன்னுக்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். பார்க்க வேண்டியதை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

ஆனால் வாசலுக்கு மேலே ஆறு கையோடு ஆடும் சிவன் தன் இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறார். நிலைக்கல்லில் சாம் எழுத்து. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து நுழைந்தால் முன்னறையில் நந்தி. பெரிய நந்தி இல்லை, கன்றுக்குட்டி அளவுதான். தொட்டுத் தொட்டு முதுகு வழவழவென்று இருந்தது. விளைச்சல் நன்றாக வர உழவர்கள் இதன் முன்னால் பச்சைத் தழை வைப்பது வழக்கமாம். உள்ளே முகலிங்கம். முகம் மன்னன் போ குளோங் கராயுடையது. அணையும் வாய்க்காலும் வெட்டி இந்த வறண்ட சீமைக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் என்று கதை சொல்கிறார்கள். தண்ணீர் கொடுத்தவனை ஊர் சாமியாக்கியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

அம்மாவுக்கு இங்கே அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊற்றுவதற்கு ஆள் இருக்கிறது. சாம் நாட்காட்டியின் ஏழாம் மாதம் முதல் நாள், நமக்குச் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் வாக்கில், காத்தே திருவிழா. மலைவாசிகளான ரக்லாய் மக்கள் தெய்வத்தின் ஆடையைக் கொண்டுவந்து சேர்க்க, கதவு திறந்து, லிங்கத்தை நீராட்டி, உடுத்திப் படையல் வைப்பார்கள். ஆமை ஓட்டில் செய்த இரண்டு தந்திக் கருவியை வாசித்துக்கொண்டு ஒருவர் துதி பாடுவார்.

நாங்கள் போனது சாதாரண நாள். திருவிழா அன்று எவ்வளவு நெரிசல், கருவறைப் பக்கம் வெளியாளை எவ்வளவு தூரம் விடுவார்கள் என்று அனுபவத்தில் சொல்ல எனக்கு வழியில்லை. குன்றில் அன்று எங்களோடு சேர்த்து ஏழெட்டுப் பேர்தான். அம்மா காலை விடுதியில் எடுத்துப் பையில் போட்டிருந்த வாழைப்பழத்தை நந்திக்கு முன்னால் வைத்தார். அங்கே இருந்த காவல்காரப் பெண்மணி எழுந்து வந்தபோது திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பழத்தை எடுத்து, நந்தியின் வாய்ப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.